கேமராவில் விழாத எரிநட்சத்திரங்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டு ஆரம்பிக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கேட்டால் உன் பதிலில் நான்கு பக்கம் அதற்கே போய்விடும். அதனால் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இத்துடன் இரண்டு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். உறையைக் கத்தரிக்கோலால் வெட்டாதே. போன முறை கார்டின் மூலையையும் சேர்த்து நறுக்கிவிட்டாய்.

வீட்டில் நான் மட்டும்தான். வீட்டுக்காரி மகளுக்குத் துணையாகப் போய்ப் பதினைந்து நாளாகிறது. பிரசவத்துக்கு மார்ச் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்களாம். அதுவரை நானே சமைத்து, நானே சாப்பிட்டு, நானே குறை சொல்லிக்கொள்கிறேன். ஒரு வசதி, மொட்டைமாடிக்குப் போனால் "இன்னுமா தூங்கல?" என்று கேட்க ஆள் இல்லை. வானமும் நான்கு நாள் துடைத்து வைத்ததுபோல இருந்தது. விடுவேனா? குதிரைத்தலையைப் பிடித்துவிட்டேன் அக்கா. மூன்று வருடமாக எனக்குத் தண்ணி காட்டிய குதிரை.

ஓரியனில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதில் ஓரத்து நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு நெபுலா, ஒளிரும் வாயுத்திரள். அந்தச் சிவப்புக்கு முன்னால் கறுப்பாக ஒரு மேகம், அச்சு அசல் குதிரைத் தலை. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் திறந்து வைத்து, நூற்று அறுபது படம் எடுத்திருக்கிறேன். அச்சக வேலை முடிந்ததும் உன் பெரிய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடு. வண்ணம் சரிபார்ப்பதே உனக்குப் பிழைப்பு. சிவப்பை எவ்வளவு தூக்குவது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தொல்லை. கேமராவின் பின்பக்கத் திரையில் பூதக்கண்ணாடியை வைத்து, வலது கண்ணால் நட்சத்திரம் கூர்மையாக விழுகிறதா என்று பார்ப்பேன் அல்லவா, அப்போது வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. உள்ளே தூசி போயிருக்க வேண்டும். ஊதிப் பார்த்தேன், போகவில்லை. ஒரு நாள் மூலையில் இருக்கிறது, ஒரு நாள் நகர்ந்து குதிரையின் மூக்கருகே வந்து நிற்கிறது. கால் முளைத்த தூசியை இப்போதுதான் பார்க்கிறேன். வழக்கம்போலத் தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி இருபது படம் எடுத்திருக்கிறேன். தூசி எங்கே என்று அந்த வெள்ளையில் பளிச்சென்று தெரியும். அதை வைத்துக் கறையைக் கழித்துவிடு.

இரண்டாவது கார்டு பழைய கேமராவுடையது. அதை முக்காலியில் நிறுத்தி, வானத்தை அகலமாகப் பார்க்கும்படி இரவு முழுக்க விட்டுவைத்தேன். ஞாயிறு இரவு மட்டும் பதினொரு எரிநட்சத்திரம் எண்ணினேன் அக்கா! எல்லாம் வலது ஓரத்தில், சட் சட்டென்று கீற்றுப் போல. நல்லதாக ஒன்றை அச்சடித்து அனுப்பு.

வேலை இருபத்தாறாம் மாடிக்கு வந்துவிட்டது. காலையில் கிரேன் கூண்டில் ஏறினால் மாலைதான் இறக்கம். கீழே நின்று வாக்கிடாக்கியில் "ஏத்து, இறக்கு, நிறுத்து" என்று எனக்குச் சொல்கிறவர் அதே பச்சைச்சட்டைதான். நடுநடுவே பாட்டும் பாடுகிறார். காதைப் பொத்த முடியாது, இரண்டு கையும் லீவரில்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
ஆந்தை


ஜனவரி 17

என் ஆந்தைக்கு,

முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. கேட்காவிட்டாலும் சொல்வேன்.

உன் குதிரை வந்துவிட்டது. மூன்று நாள் வேலை முடிந்து உட்கார்ந்து அடுக்கினேன். நூற்று அறுபதாவது படம் சேர்ந்ததும் பிடரி மயிர்கூடத் தனியாகத் தெரிந்தது. மெஷின் ஓட்டுகிற பையன்கள் எல்லாம் வந்து நின்றுவிட்டார்கள். "இத உங்க தம்பி வீட்டு மாடியில இருந்தா எடுத்தாரு?" என்று கேட்டார்கள். ஆமாம், அவனுக்கு வேறு வேலை இல்லை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஆனால் தம்பி, தூசி இல்லை.

வலது மூலையில் இல்லை, எந்த மூலையிலும் இல்லை. வெள்ளைத் துணிப் படம் இருபதையும் நான் ப்ரூஃப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். தலைமுடி கனத்தில் ஒரு புள்ளி இருந்தால்கூட என் கண்ணுக்குத் தப்பாது. சலவை செய்த வேட்டி மாதிரி இருக்கிறது இருபதும்.

எரிநட்சத்திரமும் இல்லை. ஞாயிறு இரவுப் படங்கள் எழுநூற்றுச் சொச்சம். ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஒரு விமானம் போகிறது, இரண்டு செயற்கைக்கோள் போகிறது, ஒரு படத்தில் வௌவால் குறுக்கே வருகிறது. நீ பார்த்த பதினொன்றில் ஒன்றுகூட அந்தக் கேமராவில் விழவில்லை. அது கண்ணை மூடவே இல்லையே. பிறகு எங்கே விழுந்தன?

தூசி கேமராவுக்குள் நடக்காது என்று எனக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?

ஒன்று செய். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் மட்டும் சுவர்க் கடிகாரத்தின் நடுவைப் பார். முழு வட்டமும் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, நேரே கண் டாக்டரிடம் போ. ஒன்றும் இருக்காது. ஆனாலும் போ. போனில் கேட்டிருப்பேன். நம் போன் பேச்சு உனக்கே தெரியும், மூன்றாவது நிமிடம் அப்பாவின் கண் ஆபரேஷன் வந்துவிடும், நான்காவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம்.

இரவு சாப்பிடுகிறாயா? வெறும் ரொட்டியோடு மாடி ஏறாதே.

அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

குதிரைப் படம் கிடைத்தது. கூண்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். தரையிலிருந்து நூறு மீட்டர் உயரத்தில் என் குதிரை நிற்கிறது.

நீ ரொம்பத்தான் பயப்படுகிறாய். கடுகைக் காட்டினால் மலை என்பாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உன் கம்ப்யூட்டர் திரையில் வெளிச்சம் அதிகம், மெல்லிய கறை அதில் எங்கே தெரியும்? எரிநட்சத்திரமும் சட்டென்று அணைந்துவிடுகிற ரகம், பழைய கேமராவுக்கு அது பத்தாது. போன வாரம்கூடப் பார்த்தேனே. மேகம் மூடிய இரவில்கூட ஒன்று தெரிந்தது, மேகத்துக்கு நடுவில் ஏதாவது இடைவெளி இருந்திருக்கும்.

கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எங்களுக்குச் சோதனை உண்டு. போன மாதம்தான் முடிந்தது. எனக்கு முன்னால் எட்டுப் பேர் அந்தப் பலகையை உரக்கப் படித்தார்கள். என் முறை வருவதற்குள் கடைசி வரியே மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாலும் பாஸ்தான். சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறேன், உடனே தலையில் கை வைத்து உட்காராதே.

செவ்வாய்க்கிழமை ஒரு கூத்து. கம்பிக்கட்டை வலது பக்கமாகத் திருப்பி இறக்கிக்கொண்டிருந்தேன். பச்சைச்சட்டை எப்போதும் இடது பக்கம் நிற்பார், அன்றைக்கு என்ன நினைத்தாரோ வலது பக்கம் வந்து நின்றிருக்கிறார். வாக்கிடாக்கியில் "நிறுத்து நிறுத்து நிறுத்து" என்று கத்தல். கட்டு அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி ஆடுகிறது. மனிதர் தவளை மாதிரித் தாவி மணல் குவியலில் விழுந்தார். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கேட்டார் பார், மொத்த சைட்டும் சிரித்தது. டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

இரவில் தூக்கம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி நீ எழுதினாய், நான் படித்தேன், விட்டுவிட்டேன். நீயும் விட்டுவிடு. அவர் தானாக நடந்துதான் ஆஸ்பத்திரிக்குள் போனார். கத்தி வைத்தார்கள், தடவிக்கொண்டு வெளியே வந்தார். அது போதும் எனக்கு.

உன் தம்பி,
ஆந்தை


ஜனவரி 29

தம்பி,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பச்சைச்சட்டை விஷயம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். மொத்த சைட்டும் சிரித்தது என்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். மூன்று பக்கம் எழுதிவிட்டு அதற்கு மட்டும் பதில் இல்லை. முழு வட்டமும் தெரிந்திருந்தால் முதல் வரியிலேயே எழுதி என்னைக் கிண்டல் செய்திருப்பாய். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், என்னிடமா?

மேகம் மூடிய இரவில் எரிநட்சத்திரம் பார்த்தேன் என்று எழுதும்போது உனக்கே உதறவில்லையா? அது வானத்தில் இல்லை. உன் கண்ணுக்குள் இருக்கிறது. இங்கே அச்சகத்துக்கு எதிரில் ஒரு கண் மருத்துவர் இருக்கிறார், அவரிடம் போய் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தி, "அவரு எந்த ஊர்ல இருக்காரு? இன்னிக்கே யார்கிட்டயாவது போகச் சொல்லுங்க" என்றார். விழித்திரை கிழிந்தால் இப்படித்தானாம். முதலில் ஓரத்தில் மின்னுமாம். பிறகு ஒரு நிழல், பிறகு திரை இறங்குகிற மாதிரி. நடுப்பகுதி வரை உரிந்துவிட்டால் ஒட்டினாலும் பழைய பார்வை வராதாம். வலி இருக்காதாம். வலிக்காததால்தான் எல்லாரும் ஏமாந்துபோகிறார்கள் என்றார்.

கண் கெட்ட பிறகு என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதை முழுதாக எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்பாவைக் கத்தி கெடுக்கவில்லை. தாமதம் கெடுத்தது. இதைச் சொன்னால் நீ போனை வைத்துவிடுவாய். கடிதத்தில் வைக்க முடியாது, அதனால் சொல்கிறேன்.

கிரேன் வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய். எனக்குத் தெரியும். இருபது வருடம் அந்தக் கூண்டில் உட்கார்ந்தவன், கீழே இறங்கி என்ன செய்வாய் என்று எனக்கும் கவலைதான். ஆனால் உன் கம்பிக்கட்டுக்குக் கீழே ஆட்கள் நடக்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள்.

நான்கு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரியிடம் சொல்லலாம் என்றால், சொன்ன நிமிடம் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை விட்டுவிட்டு ஓடி வருவாள். என்னால் அது முடியாது. நீயே போய்விடு ராஜா. போய்விட்டு வந்து எழுது.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆசை நிறைவேறியது. போய்விட்டு வந்தேன்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டு, மாலை ஐந்து மணிக்குக் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டார்கள், விளக்கடித்துப் பார்த்தார்கள், மேலே பார் கீழே பார் என்றார்கள். வெறும் களைப்பாம். தூக்கம் போதவில்லையாம். ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்கள், காலையும் இரவும் விட வேண்டும். அவ்வளவுதான். அச்சகத்துக்கு எதிரில் இருந்துகொண்டு உன்னைப் பயமுறுத்திய அந்த டாக்டரிடம் சொல்லிவிடு.

அன்றைக்கே நிம்மதியாக மாடிக்குப் போய்க் குதிரையை மறுபடி எடுத்தேன். கார்டு உள்ளே. இந்த முறை படம் இன்னும் கூர்மை. பார்த்தால் நீயே நம்புவாய்.

இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடுவோம். மகளுக்கு வளைகாப்பு மாதிரி ஏதோ செய்ய வேண்டும் என்கிறாள் இவள், உன்னிடம் யோசனை கேட்கச் சொன்னாள்.

தம்பி


பிப்ரவரி 11

தம்பி,

பார்த்தேன். நம்பவில்லை.

கார்டில் முதல் படம் புதன்கிழமை மாலை ஏழு பத்துக்கு எடுத்தது. நேரத்தைக் கேமரா தானே குறித்து வைத்துக்கொள்கிறது, உனக்கு அது மறந்துவிட்டது. போன வருடம் எனக்கும் அந்தச் சொட்டு மருந்து விட்டார்கள். பஸ் நம்பர் தெரியாமல் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ராத்திரி சாப்பிட்ட தட்டில் என்ன இருந்தது என்றே தெரியவில்லை. நீ ஐந்து மணிக்கு மருந்து விட்டுக்கொண்டு, ஏழு பத்துக்கு ஊசிமுனை மாதிரி நட்சத்திரத்தைக் கூர்மைப்படுத்தினாயா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

அதுகூடப் பரவாயில்லை. பொய் சொல்கிறவன் என்று உன்னைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் படத்தைப் பார்த்ததும் ஜனவரிப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

ஜனவரியில் குதிரை படத்தின் நட்ட நடுவில் இருந்தது. இதில் இடது மேல் மூலைக்குப் போய்விட்டது. பிடரி விளிம்பில் இடிக்கிறது. வலது பக்கமும் கீழ்ப்பக்கமும் வெறும் இருட்டு. மூன்று வருடமாக உன் படங்களை அடுக்குகிறேன், நீ ஒரு படத்தைக்கூட இப்படிக் கோணலாக வைத்ததில்லை. உனக்குத் தெரிகிற பக்கத்துக்கு அதை நகர்த்தி வைத்திருக்கிறாய். உனக்கு அது நடுவாகத்தான் இருந்திருக்கும். உன் கண்ணில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நீ எனக்கே படம் எடுத்து அனுப்பிவிட்டாய்.

இரண்டு நாள் தூங்காமல் யோசித்துவிட்டு இதைச் செய்கிறேன். உன் சைட் இன்ஜினியருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். உன் வலது கண்ணில் பார்வை குறைந்திருக்கிறது, சோதனை செய்யாமல் கிரேனில் ஏற்ற வேண்டாம் என்று. உன் மேல் ஒரு குறையும் எழுதவில்லை. இதையும் அதையும் ஒரே தபால்பெட்டியில், ஒரே கையால் போடப் போகிறேன். உனக்குத் தெரியாமல் முதுகில் குத்தினாள் என்று இருக்கக் கூடாது.

இதற்கு நீ என்னை என்ன செய்வாய் என்று தெரியும். அதற்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பயம் அந்தப் பயத்தைவிடச் சின்னது.

அக்கா


பிப்ரவரி 16

உன் கடிதம் வந்தது. இன்ஜினியருக்கும் வந்தது.

காலை பத்தரைக்கு, பாதி வேலையில், வாக்கிடாக்கியில் கூப்பிட்டு இறங்கச் சொன்னார்கள். இருபத்தாறு மாடி ஏணியும் இறங்கி வருகிறேன், கீழே நாற்பது பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "உங்க அக்கா லெட்டர் போட்ருக்காங்க" என்றார் இன்ஜினியர். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூட்டி வரச் சொல்கிற மாதிரி. என் சாவியை வாங்கி வேறு ஒருவனிடம் கொடுத்தார். என் முன்னாலேயே அவன் ஏறினான்.

அக்கா என்று மேலே எழுதக் கை வரவில்லை. எழுதவில்லை, கவனித்திருப்பாய்.

உன் கண் நன்றாக இருக்கிறது. உன் வேலை இருக்கிறது. உன் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கிறார். அங்கே உட்கார்ந்துகொண்டு என் பிழைப்பில் கை வைத்துவிட்டாய். இனி கடிதம் வேண்டாம். கார்டும் அனுப்ப மாட்டேன்.


பிப்ரவரி 20

தம்பி,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி. முப்பத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன், மாமாவுக்குக்கூடத் தெரியாது.

அப்பா என்னிடம் சொன்னார்.

ஆபரேஷனுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால், வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "யாரோ ஓரத்துல டார்ச் அடிக்கிற மாதிரி இருக்கும்மா. கீழ ஒரு நெழல் வேற நிக்குது. உங்கம்மாகிட்டச் சொல்லிடாத, ஊரக் கூட்டிருவா. வேலையும் போயிடும்." எனக்கு இருபது வயது. அப்பா என்னை நம்பி ஒரு ரகசியம் சொல்லிவிட்டார் என்று எனக்குப் பெருமை வேறு. வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் தினமும் அவர் முகத்தைப் பார்த்தேன், கேட்கக்கூட இல்லை. மாடிப்படியில் விழுந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. டாக்டர் ஆபரேஷன் செய்வதற்கு முன்பே சொன்னார், ரொம்பத் தாமதம், நம்பிக்கை வேண்டாம் என்று. உனக்கு அப்போது பதினைந்து. கத்தி வைத்ததால் போயிற்று என்று நீ சொல்லிக்கொண்டாய். நான் திருத்தவில்லை. திருத்தினால் என்னைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பிறகு பதினோரு வருடம் அவரைக் கையைப் பிடித்து நடத்தினேன். ஊரெல்லாம் நல்ல பெண் என்றது. அவர் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதுதான் தம்பி என்னால் தாங்க முடியவில்லை.

நீ தூசி என்று எழுதினாய், எனக்கு அந்த வாசல் விளக்கு ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை என்னால் சும்மா இருக்க முடியாது. நீ என்னை அக்கா என்று கூப்பிடாவிட்டாலும் சரி. டாக்டரிடம் போனாயா என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு. தினமும் தபால்காரரின் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். தரையில் காகிதத்தை வைத்து, கட்டிலின் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கவிழ்ந்தே கிடக்க வேண்டும் என்று உத்தரவு. கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டிருக்கிறார்கள், அதுதான் விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். நிமிர்ந்தால் விலகிவிடும். பத்து நாளாவது அண்ணாந்து பார்க்கக் கூடாது. அதை என்னிடம் போய்ச் சொல்கிறார்கள் பார்.

இன்ஜினியர் என்னை விடவில்லை. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண் ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாமல் சைட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். பச்சைச்சட்டையையும் கூட அனுப்பினார், நான் வேறு எங்கேயாவது போய்விடக் கூடாதென்று. டாக்டர் முதலில் வலது கண்ணைப் பார்த்தார். பிறகு இடது கண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த நேரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இடது கண்ணிலும் ஒரு கிழிசல் இருக்கிறதாம். சின்னது. இன்னும் உரியவில்லை. அன்றைக்கே லேசர் வைத்தார்கள். ஒரு மாதம் விட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றார். வலது கண்ணுக்கு மறுநாள் ஆபரேஷன். திரை நடுப்பகுதியின் விளிம்பு வரை வந்துவிட்டதாம். எவ்வளவு தேறும் என்று குமிழி கரைந்தால்தான் தெரியும். இப்போது தண்ணீருக்குள் விழித்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. என் விரலே ஆடுகிறது.

கிரேன் இனி இல்லை. இன்ஜினியர் ஸ்டோரில் ஏதோ வேலை பார்க்கலாம் என்றார். உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது அக்கா. இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய். நீ செய்தது சரி என்று புத்திக்குத் தெரிகிறது. ஏணியில் இறங்கி வந்தது நெஞ்சை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அப்பா விஷயத்தைப் பச்சைச்சட்டைதான் படித்துக் காட்டினார், கண்ணில் மருந்து விட்டிருந்த நேரம், என்னால் படிக்க முடியவில்லை. படித்து முடித்துவிட்டு அவர் வெளியே போய்விட்டார். இருபது வயதுப் பெண்ணிடம் அதைச் சொன்னது அப்பா செய்த தப்பு. உன் தப்பு இல்லை. இதை நீ நேரில் வந்தால் இன்னும் நன்றாகச் சொல்வேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே நான் கண்ணைப் பொத்திப் பார்த்துவிட்டேன். மாடியிலிருந்து இறங்கி வந்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று. என் முகத்தில் கீழ்ப்பாதி ஒரு பக்கம் இல்லை. தாடை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் வெள்ளைத் துணியைக் கட்டி இருபது படம் எடுத்தேன். தூசி இருக்கிறது என்று நீ எழுதிவிடுவாய், என் கண்ணை நான் நம்ப வேண்டாம், உன் கண்ணை நம்பிக்கொள்ளலாம் என்றுதான் அந்தக் கார்டை அனுப்பினேன். இல்லை என்று நீ எழுதியதும் உன்மேல் வந்த கோபம் இருக்கிறதே, அது அந்த இன்ஜினியர் கடிதத்துக்கெல்லாம் ரொம்ப முன்னால் வந்த கோபம்.

இவளுக்கு இன்னும் தெரியாது. சைட்டில் வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். குழந்தை பிறக்கட்டும். பச்சைச்சட்டை காலையும் மாலையும் சாப்பாடு கொண்டுவருகிறார், கூடவே பாட்டும் வருகிறது. உறையில் முகவரியும் அவர்தான் எழுதுகிறார்.

ராத்திரியில் பயமாக இருக்கிறது. கவிழ்ந்து படுத்தபடி இடது கண்ணையே சோதித்துக்கொண்டிருக்கிறேன். தரையில் டைல்ஸ் கோடுகளை எண்ணுகிறேன். ஓரத்தில் எங்கேயாவது மின்னுகிறதா என்று பார்க்கிறேன். மின்னாவிட்டாலும் மின்னியது போலவே இருக்கிறது. எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை.

வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன், காலை பத்து மணிக்கு இரண்டு கண்ணையும் மறுபடி பார்க்கிறார்கள். லேசர் பிடித்திருக்கிறதா, வேறு எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று அன்றைக்குத் தெரியும். அதற்குள் வந்துவிடு. வெளியே பெஞ்சில் உட்கார வேண்டாம், டாக்டர் அறைக்குள்ளேயே என்னோடு வா. அவர் என்னிடம் என்ன சொன்னாலும் என் காதில் ஏறப் போவதில்லை. நீ கேட்டு எனக்குச் சொல். நல்லதோ கெட்டதோ, நீ சொன்னால் நம்புகிறேன்.

உன் தம்பி